பச்சத்தண்ணி பல்லுல படல

1

பட்டினியைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அதுதான் என் பிழைப்பு.

மெல்போர்னில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருத்துவராக இருக்கிறேன். வாரத்தில் பாதி ஆபரேஷன் தியேட்டர், மீதிப் பாதி ஆராய்ச்சி. ஆராய்ச்சியின் தலைப்பை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். தமிழில் சொன்னால் ஒரே வரிதான்: கத்தி வைக்கப் போகிற ஆளை எவ்வளவு நேரம் காயப்போடலாம்?

முழு மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் சோறு கிடந்தால் அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நுரையீரல் வெந்துபோகும். அதற்குப் பயந்து முந்தின ராத்திரியிலிருந்தே ஒன்றும் கொடுக்காமல் வைப்பது பழைய வழக்கம். சோறு வேறு, தண்ணீர் வேறு என்பது எங்கள் கட்சி. வெறும் தண்ணீர் வயிற்றில் தங்காது, சீக்கிரம் இறங்கிவிடும். ஆகவே ஒரு பாதிப் பேரை, தியேட்டருக்குக் கூப்பிடும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க விடுகிறோம். மறுபாதிப் பேரைப் பழையபடியே வைக்கிறோம். வயிற்றின்மேல் ஸ்கேன் கருவியை வைத்து உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்ப்பது என் வேலை. உங்கள் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வியாழக்கிழமை ஒரு கிழவி, இடுப்பு எலும்பு முறிந்தவர், எங்கள் ஆய்வில் சேர்ந்தார். தண்ணீர் குடிக்கலாம் என்றேன். "டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். பால் சேர்த்தது எதுவும் கூடாது, ஏதும் தின்னவும் கூடாது என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. மகனைக் கூப்பிடவில்லை. நான் அந்தப் பக்கம் போனதும் தலையணைக்கு அடியிலிருந்து எதையும் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளவும் இல்லை.

அந்த ஒரு 'சரி'யைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. கையில் இருந்த தண்ணீர் டம்ளரை அவர் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்தார்? என் கோபம் அவர் மேல் இல்லை. போன குற்றாலச் சீசனில் தென்காசியில் நடந்ததன் மேல். அதைத்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு என் அண்ணனுக்குப் போன் போட்டு வத்தி வைக்கிறவர்கள் தாராளமாக வைக்கலாம். அவனுக்கு நான் நேரிலேயே சொல்லிவிட்டேன். நேரில் என்றால் போனில்.

2

என் அண்ணன் சண்முகம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். சீசன்தான் அவனுக்கு வருஷம், மீதி மாதமெல்லாம் தூக்கம். சீசன் வந்தால் அம்மா தென்காசி வீட்டைப் பூட்டிவிட்டு லாட்ஜுக்குப் போய்விடுவாள். எழுபத்தாறு வயதில் அங்கே அவளுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். விரிப்பு துவைக்கிறவர்களை விரட்டுவது, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் சுவரில் கை துடைத்தால் சண்டை பிடிப்பது, இதெல்லாம் ஒரு வேலை.

அன்றைக்கு மொட்டை மாடியில் விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. சாரல் இறங்கியது. கீழே ஆளா இல்லை? இருந்தும் இவளே ஓடினாள். பாசி பிடித்த தளம் காலை வாரிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்தது.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அண்ணன் எனக்குப் போன் பண்ணினான். "ஓடாதம்மான்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், கேக்காளா? இப்ப பாரு, மல்லாக்கக் கெடக்கா. ஆபரேஷன் செய்யணுங்காவ. நீ டாக்டர்ட்ட பேசு" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

நான் உடனே கிளம்பியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும்தான் தோன்றியது. ஆனால் நான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டேன். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாயிற்று. அதற்குப் பதிலாக ஊருக்கு வந்துபோகத் தர வேண்டிய அட்டை வரவில்லை. காரணம், என் பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழில் ச. செல்வி. இங்கே குடும்பப் பெயர் இல்லாமல் ஆளே கிடையாது என்பதால் அப்பா பெயரைப் பின்னால் தைத்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என்னை "டாக்டர் சங்கரலிங்கம்" என்று கூப்பிடும்போதெல்லாம் செத்துப்போன அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்த காலம் உண்டு. செல்வியும் சங்கரலிங்கமும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொல்லி ஒரு கடிதம் வந்து கிடந்தது. விசா போடலாம். அதற்கும் நாள் பிடிக்கும். முறிந்த எலும்பு விசாவுக்குக் காத்திருக்காது. பிறந்த ஊருக்குள் நுழைய ஆபீசில் கை கட்டி நிற்கிற நிலைமையை எந்த வார்த்தையால் திட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அம்மாவிடம் பேசினேன். பழக்க தோஷத்தில், இங்கே தினமும் கேட்கிற கேள்வியையே கேட்டுத் தொலைத்தேன். "அம்மா, வலி பத்துக்கு எத்தனைம்மா?"

"பத்துக்கு எத்தனையா? நான் என்ன பரீட்சையா எழுதுதேன்? இடுப்பு ஒடிஞ்சு கெடக்கேன், மார்க் கேக்கா பாரு, கோட்டிக்காரி."

3

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அண்ணன் அதில் ராகு காலம் கழித்து நேரமும் குறித்தான். மயக்க மருந்து கொடுக்கப் போகிற டாக்டர் ஒரு சின்னப் பெண். அவளிடம் பேசினேன். விஷயம் தெரிந்தவள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைப்பதாகத் திட்டம். அம்மாவுக்கு முதுகு வளைந்திருக்கிறது, ஊசி இறங்காவிட்டால் முழு மயக்கம்தான் கொடுக்க வேண்டும் என்றாள். அதையேதான் நானும் நினைத்தேன்.

"அப்ப வயிறு காலியா இருக்கணும் மேடம், வீட்டாள்கள்ட்ட நீங்களும் சொல்லிருங்க" என்றாள்.

சொன்னேன். அண்ணனிடம் சொன்னேன், மதினியிடம் சொன்னேன், காலேஜில் படிக்கிற அண்ணன் மகள் அபியிடமும் சொன்னேன். ஒன்றும் கொடுக்காதீர்கள், ஒன்றும் என்றால் ஒன்றும்.

குறித்த நாளில் காலையிலேயே அம்மா தயார். அருவிக்கு வந்த ஒரு கூட்டம், குளித்தது போதாதென்று ஊற்றிக்கொண்டு வேனை ஓட்டிப் பாலத்தில் மோதிவிட்டார்கள். சீசன் வந்தால் குற்றாலத்து லாட்ஜுக்கு மட்டுமா கூட்டம், எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கும்தான். தியேட்டர் முழுக்க அவர்கள். அம்மா காத்துக் கிடந்தாள். மத்தியானம் போனது. சாயங்காலம் போனது. கடைசியில் ஒரு நர்ஸ் வந்து "நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அந்த நாள் பூராவும் அம்மா தண்ணீர் கேட்டிருக்கிறாள். அண்ணன் எனக்குப் போன் பண்ணி, "நாக்கு ஒட்டிக்கிட்டு கெடக்கா. ஒரு வாய் தண்ணி குடுக்கவாட்டி?" என்றான்.

நான் வேண்டாம் என்றேன்.

தண்ணீர் குடிக்க விடுவதே என் ஆராய்ச்சி. அந்தச் சின்னப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, இரண்டு வாய் தண்ணீர் கொடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்றால் எனக்கு என் ஆட்களைத் தெரியும். தண்ணீர் கொடு என்றால் காப்பி கொடுப்பார்கள். வெறும் காப்பியா என்று இரண்டு இட்லி வைப்பார்கள். இட்லியை வெறுமனே எப்படித் தின்பாள் என்று சட்னி ஊற்றுவார்கள். எங்கள் ஊரில் ஒருவர் வயிற்றைக் காயப்போடுவது கொலைக்குச் சமம். எந்த டாக்டர் சொன்னாலும் அதை மட்டும் கேட்க மாட்டார்கள். மாத்திரையைக் கூட மறப்பார்கள், பலகாரத்தை மறக்க மாட்டார்கள். நான் நம்பவில்லை. நம்பாதது சரியாகத்தான் போயிற்று, அதுதான் வயிற்றெரிச்சல்.

4

மறுநாள் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே காலை. ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டேன். அபி எடுத்தாள்.

"ஆச்சி நல்லா இருக்காவ அத்த. இன்னிக்கு முதல் கேஸ் நம்மதான். இப்ப கூட்டிட்டுப் போயிருவாங்க. இந்தா பேசுங்க."

அம்மாவின் முகம் வந்தது. நேற்றுச் சுண்டிப்போய்க் கிடந்த முகம் இன்றைக்குத் தெளிந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன். வாயோரத்தில் வெள்ளையாகத் துளி தேங்காய்ச் சட்னி. அதில் ஒரு கடுகு.

"அம்மா, காலையில ஏதும் சாப்பிட்டியா?"

"நானா? பச்சத்தண்ணி பல்லுல படல."

"வாயில என்ன ஒட்டியிருக்கு?"

அம்மாவின் புறங்கை வாய்க்குப் போனது. அடுத்த நொடி போன் மேலே திரும்பி, மின்விசிறி தெரிந்தது.

"அபி, உண்மையச் சொல்லு. ஆச்சி உசுரு விஷயம்."

"அத்த... அப்பா சொல்லக் கூடாதுன்னு சொன்னாவ." அவள் வராந்தாவுக்கு வந்திருக்க வேண்டும், குரல் தாழ்ந்தது. "மூணு இட்லி. பெறவு காப்பி. ஆச்சிதான் கேட்டாவ. நேத்தெல்லாம் அழுதாவ அத்த, அப்பாவுக்குப் பொறுக்கல."

"டாக்டர் வந்து கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஆச்சி இதேதான் சொன்னாவ. அப்பாவும் சாப்பிடவே இல்லன்னு சத்தியம் பண்ணிட்டாவ."

சத்தியம் பண்ணினானாம்! பெற்ற தாயைத் தியேட்டருக்குள் அனுப்பிவைக்கிறபோது சத்தியம். எலும்பு முறிந்த வலியில் இருக்கிற உடம்பில் இட்லி சீக்கிரம் செரிக்காது, அப்படியே கிடக்கும். அந்த முதுகில் ஊசி இறங்காமல் முழு மயக்கம் கொடுத்தார்கள் என்றால், அம்மா வார்டுக்குத் திரும்பி வருவாளா என்பதே சந்தேகம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கேன்டீன் மேஜையில் என் சாப்பாடு அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

5

டாக்டர் பெண்ணின் நம்பர் என்னிடம் இருந்தது. நல்லவேளை, எடுத்தாள்.

"மேடம், கேட்டாச்சு. ஒண்ணும் சாப்பிடலைன்னுதான் சொல்லுதாங்க. தியேட்டருக்கு ஷிப்ட் பண்ணப் போறோம்."

"பண்ணாதீங்க. எங்கம்மா பொய் சொல்லுதா. எங்கண்ணனும் பொய் சொல்லுதான். மூணு இட்லி, ஒரு காப்பி. ஸ்கேன் வச்சுப் பாருங்க."

பெற்றவளைப் பொய்க்காரி என்று முன்பின் பார்த்திராத ஒருத்தியிடம் சொன்னேன். சொல்ல வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "இட்லி அப்படியே கெடக்கு மேடம், தெளிவாத் தெரியுது. இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு வச்சுக்கிடுவோம். நீங்க சொல்லலைன்னா..."

"லவ்லி" என்றேன். இங்கே எதற்கெடுத்தாலும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன சவத்து வார்த்தை. எங்கள் அம்மா வயிற்றில் இட்லி கிடப்பதில் என்ன லவ்லி வேண்டிக்கிடக்கிறது?

அவள் போனை வைத்த கையோடு வெளியே போய் அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். வராந்தாவில், மதினி, அபி, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோர் முன்னாலும். ஐம்பது வயது ஆள், சீசனில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவன், தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம். எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அன்றைக்கு இல்லை.

6

அண்ணன் அப்புறம் போன் பண்ணினான். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, நீ மனுசியா? நாலு பேர் முன்னால என்னைய அசிங்கப்படுத்திட்டியே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"உங்கிட்ட கேட்டா நீ சத்தியம் பண்ணுவ."

"பண்ணுவேன். நேத்து பூரா தண்ணி தண்ணின்னு கத்துனாளே, நீயா பாத்த? நான் பாத்தேன். அங்கன வெள்ளக்காரிக்கு டம்ளர் டம்ளரா ஊத்துதேன்னு பொங்கலுக்குப் போன்ல பெருமையடிச்சியே. எங்கம்மாவுக்கு மட்டும் பட்டினியோ?"

"தண்ணி வேற, இட்லி வேறண்ணே!"

"எனக்குப் பாடம் நடத்தாத. நாலு எழுத்து படிச்சுட்டா பெத்தவளுக்குச் சோறு போடப்பிடாதுன்னு சொல்லுவியோ?"

"செத்திருப்பாண்ணே! உள்ள போனவ வெளிய வந்திருக்க மாட்டா!"

"சாவுத வயசுல வயிறு காஞ்சு சாவணுமாக்கும்" என்றான். அப்புறம் அவன் அழுகிற சத்தம் கேட்டது. நான் கட் பண்ணிவிட்டேன்.

என் மகள் நிலா சோபாவில் கால் நீட்டிக் கிடந்தாள். பதினாலு வயது. நாங்கள் போட்ட சண்டையில் பாதிதான் அவளுக்குப் புரியும். இட்லி என்ற வார்த்தை புரிந்திருக்கும். ஆங்கிலத்தில் கேட்டாள்: "ஆச்சிக்கு என்ன வேணும்னு உங்க ரெண்டு பேர்ல யாராவது கேட்டீங்களா?"

இந்த நாடு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது இதைத்தான். என்ன வேண்டும் என்று கேள், கேட்டதைக் கொடு. ஆச்சிக்கு இட்லி வேண்டும், கொடுத்துவிட்டார்கள், முடிந்தது கதை. "தமிழ்ல கேளு, பதில் சொல்லுதேன்" என்றேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவளிடம் தமிழில் கேட்கச் சொன்னால் கேள்வியே நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே சில நேரம் சொல்கிறேன்.

மறுநாள் டீ அறையில் என்னோடு ஆராய்ச்சி செய்கிற ஆளிடம் சொல்லித் தொலைத்தேன். மனசு தாங்காமல்தான். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் பண்பாட்டில் உணவுக்கு மிகுந்த இடம் உண்டு அல்லவா, இதைப் பற்றி நாம் ஒரு சின்னக் கட்டுரை எழுதலாமே என்றார். கண்ணெல்லாம் மின்னியது. என் அம்மா அவருக்குச் சுவாரசியமான கேஸ். "எழுதலாம். முதலில் உங்கள் அம்மாவின் இடுப்பை உடைப்போம்" என்றேன். அதன்பிறகு அவர் என்னிடம் வானிலை பற்றி மட்டும்தான் பேசுகிறார். நிம்மதி.

7

அன்றைக்குத் தென்காசியில் அந்த டாக்டர் பெண்ணே ஒரு வழி பண்ணினாள். சோறு, காப்பி கிடையாது, தியேட்டருக்குக் கூப்பிடும்வரை பச்சைத்தண்ணீர் மட்டும் வாய்வாயாகக் கொடுக்கலாம் என்று அண்ணனையே பக்கத்தில் உட்கார வைத்தாள். அவனும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அபி சொன்னாள்.

முதுகில் ஊசி இறங்கவில்லை. பயந்த மாதிரியே ஆயிற்று. முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள். வயிறு காலியாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. எலும்பைச் சேர்த்து, வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அண்ணனுக்குப் போன் பண்ணி, "ஊசி எறங்கலையாம், தெரியுமா? நேத்து உள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றேன். ஜெயித்த குரலில்தான் கேட்டேன், மறைப்பானேன்? "அம்மாவுக்கு மருந்து வாங்கணும், வைக்கேன்" என்றான்.

அம்மா என்னோடு பேசவில்லை. அபி போனை நீட்டினால் கண்ணை மூடிக்கொள்வாள். நான் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், எனக்கு இந்த மரியாதை. கொலை பண்ணப் பார்த்தவன் பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிடுகிறான். தினமும் வேலைக்குப் போகும்போது ரயிலில் நின்றபடி இதையே நினைத்துப் பொருமினேன். வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு நாள் அவளாகப் போனை வாங்கினாள்.

நான் விடவில்லை. ஆதியிலிருந்து சொன்னேன். சோறு எப்படி மேலே ஏறும், நுரையீரல் என்ன ஆகும், ஊசி இறங்காததால் என்ன செய்ய வேண்டியிருந்தது, எல்லாம். "நீ ஏம்மா டாக்டர்ட்ட பொய் சொன்ன? அவன் குடுத்தான்னு சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா அவன ஏசுவாவ" என்றாள்.

"அதுக்கு நீ சாவியா?"

அம்மாவுக்குப் பின்னால் யாரோ தள்ளுவண்டி உருட்டிப் போகிற சத்தம் கேட்டது.

"நீ சொல்லுதது சரிதான்டி" என்றாள். "நான் இல்லங்கல. படிச்சவ, சரியாத்தான் சொல்லுவ. அவன் செஞ்சது தப்புத்தான், அவனுக்கும் சொல்லிட்டேன்."

இத்தனை நாள் இதைத்தானே எதிர்பார்த்தேன் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ" என்றாள் அம்மா. "இனிமே என்னையப் பட்டினி போடணும்னா, இங்கன வந்து எம்பக்கத்துல உக்காந்து போடு. போன்ல போடாத."

போனை அபியிடம் கொடுத்துவிட்டாள்.